மெட்ராஸ் என்று போட்டிருக்கிறதா, பாருங்கள்!

பாக் நீரிணைக் கரையில் இருக்கும் ஜெகதாப்பட்டினத்தில் வாஷிங் மெஷினுக்குச் சீக்கிரமே மூப்புத் தட்டிவிடும். வாங்கிய சில வருடங்களிலேயே அடிவிளிம்பில் பெயின்ட் கொப்புளிக்கும். கொப்புளம் உடைந்தால் உள்ளே செம்பழுப்புப் பொருக்கு. பிறகு ஒரு கால் இற்றுப்போகும். அந்த மூலைக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுப்பார்கள். அதே கம்பெனி, அதே மாடல் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் அறந்தாங்கியில் ஒரு வீட்டில் பளிச்சென்று நிற்கும்போது, கரையில் இருப்பது அதன் பாட்டி மாதிரி தெரியும்.

பழைய மெஷின் தேடி வருகிறவர் முதலில் ஏமாறுவது இங்கேதான். துருவை வைத்து வயது சொல்ல முடியாது. கடற்கரையில் துரு என்பது வயதின் அடையாளம் அல்ல, முகவரியின் அடையாளம். வயதைச் சொல்வது மெஷினின் முதுகில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அகலத் தகடு. அதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் மெஷினின் முதுகு எப்போதும் சுவர்ப் பக்கம்.

பழைய வாஷிங் மெஷினை யார் தேடப்போகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஈட்டன் என்ற சின்ன ஊரில் லீ மாக்ஸ்வெல் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துவைக்கும் மெஷின்களைச் சேர்த்து ஓர் அருங்காட்சியகமே வைத்தார். மின்பொறியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கையால் ஆட்டும் மரத்தொட்டி முதல் பெட்ரோல் இன்ஜின் பூட்டியது வரை அவரிடம் உண்டு. அவரைப் போன்ற பழைய மெஷின் பிரியர்களுக்குள் இன்னொரு சிறு கூட்டம் இருக்கிறது. அவர்கள் தேடுவது ஒன்றை மட்டும்: கீழே துவைக்கும் மெஷின், மேலே உலர்த்தும் மெஷின், இரண்டும் ஒன்றின் தலையில் ஒன்றாக, இரண்டடி அகலத்துக்குள் அடங்கும் அடுக்கு மெஷின்.

அந்த அடுக்கு மெஷின் பிறந்தது இடப்பற்றாக்குறையால். அமெரிக்காவில் 1937-இல் பெண்டிக்ஸ் கம்பெனி வீட்டுக்கான தானியங்கி மெஷினை வெளியிட்டபோது, ஆட்டம் தாங்காமல் அதைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து ஹாமில்டன் கம்பெனி சூடான காற்றில் துணியைச் சுழற்றி உலர்த்தும் மெஷினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போருக்குப் பிறகு தனிவீட்டுக்காரர்கள் இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டார்கள். அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காகத்தான் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினார்கள். ஃபிரிஜிடேர் கம்பெனியின் 'ஸ்கின்னி மினி', வேர்ல்பூலின் 'தின் ட்வின்' போன்றவை இப்போது பிரியர்கள் விரும்பித் தேடும் பெயர்கள். அவகாடோ பச்சை, கடுகு மஞ்சள் என்று அக்காலத்துக்கே உரிய வண்ணங்களில் வந்தவையும் உண்டு. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் வண்டி எடுத்துக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் போகிறார்கள்.

அந்த மெஷின் நம் கரைக்கு வரவே இல்லை. ஜெகதாப்பட்டினத்தில் மட்டும் அல்ல, தமிழ்நாட்டு வீடுகளிலேயே அது அபூர்வம். ஏன் வரவில்லை என்பதில்தான் நமக்கான கதை இருக்கிறது.

எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் வெயில். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் காலையில் போட்ட வேட்டி மதியச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும் நாட்டில், காற்றைச் சூடாக்கக் கரண்ட் செலவழிப்பானேன்? நியாயமான கேள்வி. ஆனால் கரையில் இருப்பவர்களைக் கேட்டால் வெயில் மட்டும் போதாது என்பார்கள். கடல் காற்றில் உப்பு இருக்கிறது. துணியில் படியும் உப்பு ஈரத்தை இழுக்கும். அதனால் காய்ந்த துணியும் மாலையில் பிசுபிசுக்கும். கருவாடு காயும் பக்கமிருந்து காற்று வந்தால் துவைத்த பலனே போயிற்று. ஆகவே கொடி கட்டும் இடத்தை இங்கே யோசித்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கொடிக்கயிறாக இருப்பது பெரும்பாலும் படகிலிருந்து வந்த நைலான் கயிறு. துருவே பிடிக்காத ஒரே உலர்த்தும் கருவி இந்தக் கரையில் அதுதான்.

துவைப்பதிலும் இந்த ஊருக்குத் தனிக் கணக்கு உண்டு. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும் முறை பாக் நீரிணையில் நீண்டகாலமாக இருப்பது. படகு திரும்பிய மறுநாள் டீசல், செதில், ஐஸ் தண்ணீர் எல்லாம் ஊறிய லுங்கியும் சட்டையும் குவியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது குவியல் குறையும், வருமானமும் குறையும். மெஷின் வாங்குவது, பழுது பார்ப்பது, தவணை கட்டுவது எல்லாம் இந்த நாட்காட்டியை ஒட்டித்தான் நடக்கும்.

இரண்டாவது காரணம் தண்ணீர். தானியங்கி மெஷினுக்குக் குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். நம்மூரில் தண்ணீர் குடத்தில் வருகிறது, லாரியில் வருகிறது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. ஒரே சோப்புத் தண்ணீரில் முதலில் வெள்ளை, பிறகு சாயத்துணி, கடைசியில் கடலுக்குக் கட்டிப்போன லுங்கி என்று மூன்று சுற்று ஓட்டுகிற சிக்கனம் தானியங்கி மெஷினுக்குத் தெரியாது. அது ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தண்ணீர் கேட்கும். கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம் என்பதால், பழைய பார் சோப்பு நுரைக்காமல் திரிந்து துணியிலேயே ஒட்டும். இந்தப் பகுதிகளில் வாஷிங் பவுடர் நுழைந்ததே ஒரு விடுதலை. 1959-இல் சர்ஃப், 1969-இல் குஜராத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா என்று பவுடர்கள் வந்து, வெகுகாலம் கழித்துத்தான் மெஷின் வந்தது.

மூன்றாவது காரணத்தை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அது கப்பல்.

ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மீமிசல் என்று இந்தக் கரையில் மலேயா, சிங்கப்பூர்த் தொடர்பு இல்லாத ஊர் குறைவு. ஒரு காலத்தில் 'ரஜூலா', பிறகு 'சிதம்பரம்' என்று மெட்ராஸிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போயிற்று. கப்பலில் வருகிறவர் பெட்டி பெட்டியாகக் கொண்டுவரலாம். ரேடியோ, டூ-இன்-ஒன், தையல் மெஷின், போர்வை, கோடாலித் தைலம் எல்லாம் அப்படி வந்தவை. 1985-இல் தீ விபத்தோடு சிதம்பரம் கப்பலின் பயணிகள் சேவை முடிந்தது. சிங்கப்பூரில் சாதாரணக் குடும்பங்களிலும் வாஷிங் மெஷின் பரவலான காலத்தில் இங்கே கப்பல் இல்லை. விமானத்தில் வருகிறவர் 50 கிலோ தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டா வருவார்? நிரந்தரமாக ஊர் திரும்புகிறவர்களுக்கான சுங்கச் சலுகைப் பட்டியலில் வாஷிங் மெஷினுக்குப் பெயர் சொல்லியே இடம் இருந்தது. ஆனாலும் அதைச் சரக்கில் போட்டு எடுத்துவந்தவர்கள் மிகச் சிலர்.

அப்படி எடுத்து வந்திருந்தாலும் உலர்த்தும் அடுக்கு வந்திருக்காது. ஏனென்றால் சிங்கப்பூரிலேயே அதற்கு வேலை இல்லை. 1960-இல் தொடங்கிய வீட்டு வசதி வாரியத்தின் அடுக்குமாடிகளில், ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டி அதில் துணியைக் கோத்துக் காயப்போடுவதுதான் வழக்கம். பத்தாவது மாடியிலும் வெயில்தான் வண்ணான். அங்கே உழைத்துவிட்டு வந்தவர் ஊரில் உலர்த்தும் மெஷின் வாங்குவதற்கு அவர் கண்ணால் கண்ட முன்மாதிரியே இல்லை.

இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். துணியை அடுக்கிச் சூடு கொடுக்கும் கருவி நமக்குப் புதிதல்ல. வெள்ளாவி அதுதான். உவர்மண் கரைசலில் ஊறவைத்த துணியைப் பானையின் மேல் சுற்றிச் சுற்றி அடுக்கி, கீழே தண்ணீரைக் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க ஆவியில் வேகவைத்து, காலையில் துறைக்குக் கொண்டுபோய் அடித்து அலசுவார்கள். உவர்மண்ணில் உள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றும். ஆவி அதை இழையிலிருந்து இளக்கும். இதைச் செய்தவர்களை ஊர் நடத்திய விதம் வேறு கதை. வீடு வீடாகப் போய் அழுக்கு எடுத்து, வருடக் கூலியாக நெல்லோ மீனோ வாங்கிக்கொண்டு, திண்ணைக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டியிருந்த வாழ்க்கை அது. அவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனது நல்லதே. ஆனால் வெள்ளாவிப் பானை எதுவும் எந்த அருங்காட்சியகத்திலும் பத்திரமாக இருப்பதாகத் தெரியவில்லை. துவைப்பது சம்பந்தப்பட்ட எதையும் நாம் வைத்துக்கொள்வதில்லை என்பது அங்கேயே தொடங்கிவிட்டது.

இரண்டு தொட்டி வந்த கதை

அடுக்கு வராத இடத்தில் வந்தது இரட்டைத் தொட்டி. ஒரு தொட்டியில் துவைத்து, கையால் எடுத்து, பக்கத்துத் தொட்டியில் போட்டுப் பிழிய வேண்டிய செமி ஆட்டோமேட்டிக். மேலும் கீழுமாக நின்றதை நாம் இடமும் வலமுமாகப் படுக்கப் போட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு வித்தியாசம் முக்கியம்: நம்மூரில் ட்ரையர் என்று சொல்லப்படும் தொட்டி உலர்த்துவதில்லை, வேகமாகச் சுற்றித் தண்ணீரை உதறிவிடுகிறது, அவ்வளவுதான். அமெரிக்க அடுக்கின் மேல்தட்டில் ஹீட்டர் இருக்கும், இதில் இருக்காது. விற்பனை இணையதளங்களில் 'ட்ரையருடன் கூடிய பழைய மெஷின்' என்று பார்த்து ஓடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இரட்டைத் தொட்டியின் மூதாதையர் பிரிட்டனிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள். பிரிட்டனில் ஹூவர் கம்பெனி 1957-இல் ஹூவர்மேட்டிக் என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜப்பானில் சான்யோ கம்பெனி 1953-இல் எஸ்.டபிள்யூ. 53 என்ற மாடலை 28,500 யென்னுக்கு விற்றது; தொட்டியின் ஒரு பக்கத்தில் சுழலும் தட்டு தண்ணீரைச் சுழற்றிவிடும் வகை அது. அந்தச் சுழல்தட்டைத்தான் நம் மெக்கானிக்குகள் பல்சேட்டர் என்கிறார்கள். அந்த வழியில் வந்தவையே பின்னர் ஆசியா முழுக்கப் பரவின.

இந்தியாவில் 1980-களின் பிற்பகுதியில்தான் அலை அடித்தது. துவைக்கும், அலசும், ஏன், உலர்த்தவும் செய்யும் என்று ஆங்கிலத்தில் பாடிய வீடியோகான் விளம்பரம் தூர்தர்ஷனில் ஓடிய காலம் பலருக்கு நினைவிருக்கும். டி.வி. இருந்த வீட்டில் கூடிய தெருவே அந்தப் பாட்டை முணுமுணுத்தது. மெஷின் வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டு டி.வி.எஸ். குழுமமும் அமெரிக்க வேர்ல்பூலும் கூட்டாகப் பாண்டிச்சேரியில் வாஷிங் மெஷின் தொழிற்சாலை தொடங்கின. 1974-இல் தொடங்கிய ஐ.எஃப்.பி. கம்பெனி, ஜெர்மன் தொழில்நுட்பத்தோடு முன்கதவு மெஷினை 1990-ஐ ஒட்டிக் கொண்டுவந்தது. பி.பி.எல்.-சான்யோ என்று இரட்டைப் பெயரும் வந்தது. பஞ்சாபில் தாபாக்காரர்கள் மேல்திறப்பு மெஷினை லஸ்ஸி கடையப் பயன்படுத்தினார்கள் என்பது கம்பெனிக்காரர்களே வியந்து சொன்ன சங்கதி. நம்மூரில் யாரும் மோர் கடைந்ததாகத் தகவல் இல்லை. நாம் பருத்தித் துணியைத்தான் போட்டோம்.

அரசியலிலும் மெஷின் தலைகாட்டியது. 2006-இல் தி.மு.க. கலர் டி.வி. தந்தது; 2011-இல் அ.தி.மு.க. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி தந்தது. அடுத்த படியாக 2021 தேர்தல் அறிக்கையில் அ.தி.மு.க. வீட்டுக்கு ஒரு வாஷிங் மெஷின் என்றது. அக்கட்சி தோற்றதால் மெஷின் வரவில்லை. வந்திருந்தால் 20, 30 வருடம் கழித்துத் தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைக்கும் பழம்பொருள் அதுவாகத்தான் இருந்திருக்கும். அரசு முத்திரை போட்ட மெஷினுக்குச் சேகரிப்பவர்கள் தனி விலை கொடுத்திருப்பார்கள். விலையில்லா மிக்ஸிகளையே இப்போது யாராவது ஒன்றிரண்டு அப்படியே பெட்டியோடு எடுத்து வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். சமூக வரலாறு எழுதுகிறவர்கள் நாளைக்குத் தேடுவார்கள்.

வயதைப் படிக்கும் வழி

இனி அந்தத் தகட்டுக்கு வருவோம். மெஷினைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நகர்த்துங்கள். பின்பக்கத்தில் மாடல் எண், சீரியல் எண், வோல்ட், வாட், தயாரித்த கம்பெனியின் முகவரி இருக்கும். சில கம்பெனிகள் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். பல கம்பெனிகள் சீரியல் எண்ணுக்குள் ரகசியமாகப் பொதித்து வைத்திருக்கும். அந்தச் சங்கேதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதைவிட எளிய வழி முகவரியைப் படிப்பது.

மெட்ராஸ் என்று இருந்தால் 1996-க்கு முந்தைய அச்சு. அந்த ஆண்டில்தான் சென்னை ஆனது. பாம்பே என்று இருந்தால் 1995-க்கு முன். பாண்டிச்சேரி புதுச்சேரி ஆனது 2006-இல். அதிகாரப்பூர்வமான பெயர் மாறிய மறுநாளே எல்லோரும் அச்சை மாற்றிவிட மாட்டார்கள், மீதி ஸ்டிக்கர் தீரும் வரை ஒட்டுவார்கள் என்பதால் ஓரிரு வருடம் கூட்டியே கணக்கிடுங்கள். சென்னைத் தொலைபேசி எண் எட்டு இலக்கமாக இருந்தால் 2000-களின் தொடக்கத்துக்குப் பிறகு. இணையதள முகவரி இருந்தால் பொதுமக்களுக்கு இணையம் வந்த 1995-க்குப் பிறகு என்பது உறுதி. மின்சிக்கன நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்தத் திட்டம் தொடங்கிய 2006-க்குப் பிறகு. கடைக்காரர் பிறகு ஒட்டியதா என்று நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பாருங்கள்.

பிராண்டு பெயரும் பேசும். டி.வி.எஸ். பெயரும் வேர்ல்பூல் பெயரும் சேர்ந்தே இருந்தால் 1990-களின் நடுப்பகுதிக்கு முன். 1995-இல் வேர்ல்பூல் கெல்வினேட்டர் இந்தியாவையும் வாங்கிக்கொண்டு, பிறகு தனிப்பெயரில் நடக்கத் தொடங்கிவிட்டது. எல்.ஜி. என்று இருந்தால் அந்தக் கம்பெனி இங்கே தொடங்கிய 1997-க்கு முன் இருக்க வாய்ப்பில்லை, யாராவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் ஒழிய. அமெரிக்க அடுக்கு மெஷின்களுக்கும் இதே உபாயம்தான். ஃபிரிஜிடேர் ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனியின் சொத்தாக இருந்தது 1979 வரை. தகட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் பெயர் இருந்தால் அதற்கு முந்தையது. வெஸ்டிங்ஹவுஸ் என்று தனியாக இருந்தால் 1970-களின் நடுப்பகுதிக்கு முன். 'ஒயிட்' என்ற சொல் முன்னால் சேர்ந்திருந்தால் கம்பெனி கைமாறிய பிறகு. சியர்ஸ் கடையின் கென்மோர் மெஷின்களில் மாடல் எண் 110 என்று தொடங்கினால் உள்ளே இருப்பது வேர்ல்பூல் செய்தது. மேலே ஒட்டிய பெயர் ஒன்று, உள்ளே உழைப்பது இன்னொன்று.

தகடே இல்லாத மெஷின் வரும். அப்போது உடம்பைப் பார்க்க வேண்டும். தகர உடம்பா, பிளாஸ்டிக் உடம்பா? ஆரம்ப கால மெஷின்களில் தகரம் அதிகம், பிறகு பிளாஸ்டிக் மேலோங்கியது. குமிழ்கள் எத்தனை? துவைப்புக்கு ஒரு டைமர், பிழிவதற்கு ஒரு டைமர், தண்ணீர் விடுவதற்கு ஒரு குமிழ் என்று மூன்று இருந்து, டைமர் இரண்டும் கடிகாரம் போல 'டிக்டிக்' என்று திரும்பி வந்தால் ஸ்பிரிங் டைமர். அது நல்ல சகுனம், ஏனென்றால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து ஓட வைக்கலாம். பின்மூடியைக் கழற்றினால் மோட்டார் இரண்டு, கெப்பாசிட்டர், துவைக்கும் பக்கத்தில் பெல்ட். மோட்டாரிலும் கெப்பாசிட்டரிலும் அவற்றைச் செய்தவர்கள் தனியாகத் தேதி போடுவது உண்டு. அந்தத் தேதி மாற்றிய உதிரிபாகத்தின் தேதியாகவும் இருக்கலாம் என்பதால், எல்லாத் தடயமும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். வாங்கிய கடையின் ஸ்டிக்கர் மூடியின் உள்பக்கம் மங்கிப்போய் இருக்கும். அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, காரைக்குடி என்று கடைப்பெயரோடு இருந்தால் கிழித்துவிடாதீர்கள். மெஷினின் ஊர் அதுதான்.

காரைக்குடிக்கும் காயலாங்கடைக்கும் நடுவில்

பழம்பொருள் வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் போவது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வெளியேறிய மரப்பெட்டி, சுவர்க்கடிகாரம், ரவிவர்மா படம், வெளிநாட்டு எனாமல் பாத்திரம், பழைய ரேடியோ, பித்தளை அண்டா என்று கடைக்குக் கடை குவிந்திருக்கும். அங்கே வாஷிங் மெஷின் தேடினால் சிரிப்பார்கள். மெஷின் போகும் இடம் வேறு: பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வரும் வண்டி, அங்கிருந்து காயலாங்கடை.

இந்தப் பிரிவினையை நான் எளிதில் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அண்டா அடுப்படிச் சாமான்தான். அது பழம்பொருள் ஆனதற்குக் காரணம் பித்தளையின் விலை, தேய்த்தால் மினுக்கும் குணம், ஹோட்டல் வரவேற்பறையில் பூப்போட்டு வைக்க வசதி. கிராமஃபோனும் ரேடியோவும் கூடத்தில் ஆண்கள் கேட்டுக்கொண்டிருந்தவை. வாஷிங் மெஷின் கொல்லைப்புறத்தில் நின்றது; தேய்த்தாலும் மினுக்காது; அதைத் தொட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். கல்லில் அடித்துத் தோள் தேய்ந்த ஒரு தலைமுறை, சேலைப் பொதியைக் குடத்தோடு சுமந்த தலைமுறைக்கு முதன்முதலாகக் கை ஓய்ந்தது அந்தத் தகரப் பெட்டியின் முன்னால்தான். வானொலியைவிட அது எந்த விதத்தில் குறைந்தது?

காயலாங்கடையில் மெஷினுக்கு என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் மோட்டாரை உருவுவார்கள், உள்ளே செம்புக் கம்பி இருக்கும் என்பதால். சில மோட்டார்களில் அலுமினியக் கம்பி சுற்றியிருக்கும். பார்த்ததும் முகம் சுளிப்பார்கள். பிறகு தொட்டி பிளாஸ்டிக் தனி, தகரம் தனி, ரப்பர் குப்பை. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரை கடந்து புதுக்கோட்டையையும் சின்னாபின்னமாக்கியபோது, மின்கம்பங்கள் சாய்ந்து பல கிராமங்களில் பல நாள் கரண்ட் இல்லை. கூரை பறந்த வீடுகளில் மழையில் நனைந்த மின்சாமான்கள் வண்டி வண்டியாக எடைக்குப் போயின. அதில் எத்தனை மெட்ராஸ் முகவரி மெஷின்களோ. எடைக்குப் போடுவது தவறில்லை. 2011-இல் வந்து மறு ஆண்டு அமலான மின்கழிவு விதிகளிலேயே வாஷிங் மெஷின் பெயர் இருந்தது. உரிமம் பெற்ற இடத்துக்குப் போனால் நல்லது. அதற்கு முன்னால் ஒரு நிமிடம் முதுகைப் பாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

ஆசைப்பட்டு வாங்குகிறவர்களுக்கு

உண்மையான அமெரிக்க அடுக்கு மெஷின் மேல் ஆசை வந்துவிட்டவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ட், நொடிக்கு 60 சுழற்சி. நம்முடையது 230 வோல்ட், 50 சுழற்சி. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், சுழற்சியை மாற்றாது. அதனால் மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், கூடுதலாகச் சூடேறும். டைமரும் அதே சுழற்சியை நம்பி ஓடுவது. 30 நிமிடம் என்று திருப்பினால் 36 நிமிடம் எடுக்கும். பார்வைக்கு வைக்கலாம்; ஆனால் வாரம் ஒருமுறை ஓட்டி மகிழலாம் என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் மெஷின்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அங்கேயும் 50 சுழற்சிதான், வோல்ட்டும் ஏறக்குறைய நம்முடையதே. வேலை செய்யும் பழைய மெஷின் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் தேடுவதே புத்தி.

1979-க்கு முந்தைய அமெரிக்கக் கெப்பாசிட்டர்களில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். அந்த ஆண்டில்தான் அங்கே அதன் தயாரிப்பைத் தடை செய்தார்கள். கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடக் கூடாது. உலர்த்தும் மெஷினுக்குள் வருடக்கணக்காகச் சேர்ந்த பஞ்சு தீப்பிடிக்கும் பொருள்; ஹீட்டர் பக்கம் சுத்தம் செய்யாமல் சுவிட்சைப் போடாதீர்கள். பழைய ஒயரின் மேலுறை விரலால் வளைத்தால் பொடிந்தால், அந்த ஒயர் காட்சிக்கு மட்டும்.

சென்னையிலும் பெங்களூரிலும் கட்டும் புது அடுக்குமாடிகளில் இப்போது அடுக்கு மெஷின் வரத் தொடங்கியிருக்கிறது. எல்.ஜி. 2020-இல் இரண்டையும் ஒரே உடம்பாகச் செய்து ஒரே கட்டுப்பாட்டுப் பலகை வைத்த மாடலைக் கொண்டுவந்தது. பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று குடியிருப்போர் சங்கமே விதி போடும் வளாகங்கள் உண்டு. அங்கே வெயில் இருந்தும் இல்லாத கதை. 50 வருடத்துக்கு முன் அமெரிக்க வாடகைக் குடித்தனக்காரரைத் துரத்திய அதே இடநெருக்கடி, கூடவே கொஞ்சம் கௌரவமும் சேர்ந்து, இப்போது சென்னையின் ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் வந்து நிற்கிறது. இவற்றுக்குள் இருப்பவை எலக்ட்ரானிக் போர்டுகள். 30 வருடம் கழித்து இவற்றைச் சேகரிக்கிறவருக்கு ஸ்பிரிங் டைமர் தரும் சந்தோஷம் கிடைக்காது. போர்டு போனால் மெஷின் போயிற்று.

கரையில் மெஷினைக் காப்பாற்றுவது பற்றி ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் மெக்கானிக்குகளுக்குத் தெரிந்தது கம்பெனிக் கையேடுகளில் இல்லை. கடலைப் பார்த்த பக்கம் வைக்காதே. தரையில் நேராக வைக்காதே, பிளாஸ்டிக் ஸ்டாண்டு மேல் ஏற்று. ஓட்டி முடித்ததும் நல்ல தண்ணீரில் ஈரத்துணி கொண்டு வெளியுடம்பைத் துடை, பிறகு உலர்ந்த துணியால் துடை. கால்களுக்கும் அடிவிளிம்புக்கும் மழைக்காலத்துக்கு முன் கிரீஸ் பூசு. தடைக்காலத்தில் மாதக்கணக்கில் சும்மா நிறுத்தினால் பெல்ட் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும், ரப்பர் சீல் காய்ந்து வெடிக்கும்; அதனால் பத்து நாளுக்கு ஒருமுறையாவது அரை வாளித் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடம் ஓட்டு. ஸ்பின் தொட்டியின் மூடியை மூடியே வைக்காதே, உள்ளே ஈரம் நின்றால் தண்டு துருப்பிடித்துப் பிடித்துக்கொள்ளும்.

விற்கிறவரிடம் பேரம் பேசும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி மெஷின் ஓடுகிறதா என்பதல்ல. மோட்டாரைத் திரும்பச் சுற்றலாம், பெல்ட் வாங்கலாம், பட்டுக்கோட்டையிலும் அறந்தாங்கியிலும் கெப்பாசிட்டர் கிடைக்கும். கிடைக்காதவை அந்த மாடலின் குமிழ், மூடி, பல்சேட்டர், பிராண்டு பெயர் எழுதிய முகப்புப் பட்டை. இவை நான்கும் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், துருவைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள். கரையோரத்து மெஷினுக்கு விற்கிறவரே அதை மறுக்க மாட்டார்.